பழைய மகிழுந்துகளின் அரிய உதிரிபாகங்கள்

பழைய மகிழுந்து ஒன்றை முதலில் இருந்த நிலைக்கே மீட்டெடுப்பவர்களுக்கு எஞ்சினைவிடச் சிறு பாகங்களே அதிகச் சிக்கல் தருகின்றன. கதவுக் கைப்பிடி, கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், விளக்கு வளையம், புஷ் போன்றவை கடைகளில் கிடைப்பதில்லை. அவற்றைத் தேடிப் பெற வேண்டும். அல்லது பழைய மாதிரியைக் கொண்டு புதிதாகச் செய்ய வேண்டும். சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் ஆலை வண்டலூரை ஒட்டி இருந்தது. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்த பிரித்தானிய டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் இங்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் உருவாக்கப்பட்டது. 1972இல் கெசல், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 ஆகியவை வந்தன. 1988இல் மகிழுந்து உற்பத்தி நின்றது.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில்தான் ஒரகடம் உள்ளது. ரெனோ-நிசான் ஆலை 2010இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் அங்கு இயங்கத் தொடங்கின. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் மகிழுந்து தயாரித்து வருகிறது. இத்தனை ஆலைகள் சூழ்ந்திருந்தும் ஹெரால்டின் ஒரு கைப்பிடியைப் பெறுவது அரிதாக இருப்பதற்குக் காரணம் உற்பத்தி முறையாகும்.

பெரிய ஆலைகளில் ஏன் செய்வதில்லை?

பெரிய ஆலைகள் அச்சு (டை) கொண்டு பாகங்களைச் செய்கின்றன. ஒரு அச்சின் விலை 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு லட்சம் பாகங்கள் செய்தால், ஒன்றின் மீது விழும் அச்சுச் செலவு 5 ரூபாய். பத்தே பாகங்கள் செய்தால் அது 50,000 ரூபாய் ஆகிவிடும். எனவே ஒன்றிரண்டு பாகங்கள் மட்டும் வேண்டுவோர் லேத் பட்டறை, வார்ப்புப் பட்டறை, ரப்பர் மோல்டிங் பட்டறை ஆகியவற்றையே நாட வேண்டியுள்ளது.

கிடைப்பவையும் கிடைக்காதவையும்

டிரையம்ப் ஹெரால்டுக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் பொதுவான எஞ்சின் பாகங்கள் பலவற்றை இன்றும் பிரித்தானியாவிலிருந்து வரவழைக்கலாம். சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் பாகங்கள் விற்கும் கடைகளிலும் தேடலாம்.

ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாரானது. பிரித்தானிய ஹெரால்டு எல்லாம் இரண்டு கதவு வண்டிகளே. ஆகவே பின்கதவின் கண்ணாடி, ரப்பர், ஓரப்பட்டை போன்றவற்றை அங்கு தேடிப் பயனில்லை. பிரித்த வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். இல்லையெனில் செய்ய வேண்டும். ஆலை மூடிய பின், வண்டியில் எஞ்சியிருக்கும் பழைய பாகமே அதன் வரைபடமும் ஆகும். அது உடைந்திருந்தாலும் எறிந்துவிடக் கூடாது.

அளவெடுத்தல்

முதலில் வெர்னியர் அளவியால் விட்டம், நீளம் முதலியவற்றை அளக்க வேண்டும். தேயாத இடத்தில் அளப்பது முக்கியம். அடுத்து மரையைக் கண்டறிய வேண்டும். கால் அங்குல விட்டத்திலேயே விட்வொர்த் மரை அங்குலத்துக்கு 20, பி.எஸ்.எஃப். 26, யூ.என்.எஃப். 28 என மாறும். இன்றைய 6 மி.மீ. போல்ட்டு கால் அங்குலத்துக்கு (6.35 மி.மீ.) நெருங்கியதாகத் தோன்றினாலும் பொருந்தாது. வலிந்து முறுக்கினால் பழைய பாகத்தின் மரையும் கெடும்.

செய்யும் முறைகள்

கடைதல்: புஷ், பின், வாஷர் போன்ற உருளை வடிவப் பாகங்களை லேத்தில் கடைந்து எடுக்கலாம். ஒன்றே ஒன்று செய்வதற்கு மிகவும் ஏற்ற முறை இதுவே.

வார்ப்பு: பழைய பாகத்தையே மணலில் பதித்து வார்த்தால் புதிய பாகம் சிறுத்துவிடும். உலோகம் குளிரும்போது சுருங்குவதே காரணம். பித்தளை ஏறத்தாழ 1.5 விழுக்காடு சுருங்குகிறது. அதாவது 100 மி.மீ. நீளத்தில் 1.5 மி.மீ. குறையும். எனவே மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். பழைய பாகத்தை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, முப்பரிமாண அச்சில் மாதிரி எடுப்பது இன்று எளிதாகியுள்ளது.

ரப்பர்: வடிவத்தைவிட ரப்பரின் வகை முக்கியம். வெயில் படும் கண்ணாடி ஓரத்துக்கு இ.பி.டி.எம். ரப்பர் ஏற்றது. பெட்ரோல், எண்ணெய் படும் இடத்தில் அது ஊதிவிடும். அங்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும்.

பாதுகாப்பு

எல்லாப் பாகங்களையும் பட்டறையில் செய்யக் கூடாது. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை, ட்ரனியன் எனப்படும் உலோகப் பிடிக்குள் மரையாகத் திருகப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரை சுழலும். இடப்புற மரையும் வலப்புற மரையும் எதிரெதிர்த் திசையில் அமைந்தவை. இதற்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயிலே இட வேண்டும். எண்ணெய் வற்றித் தேய்ந்தால் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இத்தகைய பாகங்களையும், பிரேக், ஸ்டீயரிங் பாகங்களையும் தரச் சோதனை செய்யும் தயாரிப்பாளரிடமே வாங்க வேண்டும்.

சட்டமும் ஆவணமும்

2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாமல் பேணப்பட்ட வாகனங்கள் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு பெறலாம். இதனால் மூலத்தை ஒத்த பாகங்களின் தேவை கூடியுள்ளது.

புதிய பாகம் ஒன்றைச் செய்தவர் அதன் அளவு, மரை, உலோகம் அல்லது ரப்பரின் வகை ஆகியவற்றை வரைபடத்துடன் குறித்து வைப்பது நல்லது. அந்தக் குறிப்பு இருந்தால், அதே பாகம் தேவைப்படும் அடுத்தவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.