ஏலக்காய் ஏன் பச்சை, பூசணி ஏன் மஞ்சள்?

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் 2007 முதல் கணினி வழியாகத்தான் ஏலக்காய் விலை பேசப்படுகிறது. ஆனால், வியாபாரி முதலில் நம்புவது தன் கண்ணைத்தான். காய் பருமனாக இருந்தால் போதாது, நிறமும் கரும்பச்சையாக இருக்க வேண்டும்.

அந்தப் பச்சை, பச்சையம் தருவது. பிஞ்சுப் பூசணியிலும் இருப்பது அதே பச்சையம்தான். காய் முற்றும்போது பச்சையம் சிதைந்து, கரோட்டினாய்டு நிறமிகள் பெருகுகின்றன. பூசணி மஞ்சளாவதும் ஆரஞ்சாவதும் இப்படித்தான். ஏலக்காயும் செடியிலேயே பழுத்தால் மஞ்சளிக்கும். பூசணிக்கு அது அழகு, ஏலக்காய்க்கோ விலைச்சரிவு! அதனால் விதை கறுத்து, தோல் பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள்.

பறித்த காயில் 80 சதவீதம் வரை ஈரம். வெயிலில் காயவைத்தால் ஒளியே பச்சையத்தை வெளுக்கச் செய்யும். ஆகவே மலையில் மூடிய உலர்த்துக் கூடங்களில், சுமார் 45 முதல் 55 டிகிரி வெப்பத்தில் உலர்த்துகிறார்கள். சூடு எல்லை மீறினால் வேறு வம்பு. பச்சைய மூலக்கூறின் நடுவே ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. வெப்பத்தில் காயின் சொந்த அமிலமே அதை வெளியேற்றிவிட, பச்சை மங்கிப் பழுப்பாகிறது.

இதற்குச் சலவைச் சோடாவில் ஒரு கைமருந்து உண்டு: 2 சதவீதக் கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து உலர்த்தினால், காரம் அமிலத்தை அடக்கிப் பச்சையைக் காக்கும்.

பாயசத்தில் பொடித்துப் போடுகிறவருக்கு இந்தப் பாடெல்லாம் தேவையே இல்லை. மணம் தோலில் அல்ல, விதையில்.