குடலைத் துளைக்கும் காசநோய்: கத்தியும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்

காசநோய் என்றாலே இருமலைத்தான் நினைக்கிறோம். அதே கிருமி குடலையும் தாக்கும். பெரும்பாலும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் வலது அடிவயிற்றில். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, விட்டுவிட்டு வரும் வலி, உப்பசம் எல்லாவற்றையும் “காற்றுதான்” என்று எண்ணெய் தேய்த்தே மாதக்கணக்கில் தள்ளிவிடுகிறோம். நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் குடலில் நோய் இருக்கலாம்.

புண் ஆழமானால் குடல் ஓட்டையாகும். மருந்து தொடங்கிய பிறகும் இது நேர்வதுண்டு. திடீரென்று பொறுக்க முடியாத வலி, தொட முடியாதபடி இறுகிய வயிறு, வாந்தி என்றால் மலேசியாவில் 999ஐ அழையுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே கறுப்புப் பிறையாகக் காற்று தெரிந்தால், குடலோ இரைப்பையோ ஓட்டையாகியிருக்க வாய்ப்பு மிக அதிகம். தாமதித்தால் மலக்கிருமி வயிறெங்கும் பரவி உயிரைப் பறிக்கும்.

ஓட்டையை மட்டும் தைத்தால், நோயுற்ற சதையில் தையல் மறுபடி கசியக்கூடும். அதனால் கெட்ட பகுதியை வெட்டி, நல்ல முனைகளை இணைப்பதையே அறுவை நிபுணர்கள் பெரும்பாலும் விரும்புகிறார்கள். நோயாளி மிகத் தளர்ந்திருந்தால், குடல் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை பொருத்துவார்கள். உடல் தேறிய பிறகு, பலருக்கு அதை மீண்டும் உள்ளே இணைத்துவிடலாம். வெட்டிய சதை பரிசோதனைக்குப் போனதா என்று கேளுங்கள். நோயை உறுதிசெய்வது அதுதான். பிறகு குறைந்தது 6 மாதம் காசநோய் மாத்திரை.

எந்த அறுவை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. ஃபூ ஃபியோ நா என்ற நோயாளி தொடுத்த வழக்கில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2006இல் அளித்த தீர்ப்பு, ஆபத்துகளை நோயாளியிடம் சொல்வது மருத்துவரின் கடமை என்பதை நிலைநாட்டியது. தீபகற்ப மலேசியாவில் வேலை செய்வோருக்கு, 2023 ஜனவரி 1 முதல், சாதாரண மருத்துவ விடுப்பு போக, மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவியுங்கள். மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யுங்கள். ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்நாட்டுச் சட்டமே பொருந்தும்.

காசநோயைச் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம். அது தண்டனையல்ல, குடும்பத்தைக் காக்கும் ஏற்பாடு. வீட்டில் எல்லாரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தையல் ஆறியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிருமி இன்னும் உடலில் இருக்கும்.