மானிட்டர் கேபிள்: முனை பொருந்தினால் போதுமா?

பழைய மானிட்டரைப் புதிய கணினியோடு இணைக்கும்போது பலரும் முனையைத்தான் பார்க்கிறார்கள். முனை பொருந்துவதால் மட்டும் படம் வந்துவிடாது. உள்ளே ஓடுவது எந்த வகை சிக்னல், அது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொண்டுதான் அடாப்டர் வாங்க வேண்டும்.

1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது விஜிஏ. மூன்று வரிசைகளில் 15 பின்கள். சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிக் கம்பி. அதில் ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் அந்த நிறத்தின் அளவு. வரியும் திரையும் எங்கே தொடங்குகின்றன என்று சொல்ல இன்னும் இரண்டு கம்பிகள். குழாய்த் திரைக்கு இது கச்சிதமான ஏற்பாடு. எல்சிடி வந்த பிறகோ, கணினி எண்களை அனலாக்காக மாற்றி அனுப்ப, மானிட்டர் அதை மறுபடி எண்களாக்க வேண்டியதாயிற்று. நீளமான மட்டரகக் கேபிளில் எழுத்தோரம் நிழல் தட்டுவது இந்த அனலாக் பயணத்தில்தான்.

1999-இல் வந்த டிவிஐ எண்களை எண்களாகவே அனுப்பியது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. போர்ட்டின் ஓரத்தில் உள்ள தட்டையான பிளவைக் கவனியுங்கள். அதைச் சுற்றி நான்கு துளைகள் இருந்தால் அது டிவிஐ-ஐ. அனலாக்கும் வரும், சாதாரண விஜிஏ அடாப்டர் போதும். துளைகள் இல்லையென்றால் டிவிஐ-டி. அதில் அந்த அடாப்டர் நுழையாது. அழுத்தினால் பின் வளைந்துவிடும்.

எச்டிஎம்ஐயின் பட சிக்னல் டிவிஐயிலிருந்து வந்ததுதான். அதனால் இவ்விரண்டுக்கும் நடுவில் வெறும் கம்பி இணைப்பே போதும். ஒலிக்கு மட்டும் பெரும்பாலும் தனி வழி பார்க்க வேண்டியிருக்கும். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போக, எண்ணை அனலாக்காக்கும் சிப் உள்ள கன்வெர்ட்டர் தேவை. அதைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது.

அதிகம் பேர் ஏமாறுவது டிஸ்ப்ளேபோர்ட்டில். இது படத்தைச் சிறு பொட்டலங்களாக அனுப்பும் முற்றிலும் வேறு முறை. ஆனாலும் கணினிகளில் உள்ள பல டிஸ்ப்ளேபோர்ட்டுகள், எளிய அடாப்டரைச் செருகியதும் எச்டிஎம்ஐ சிக்னலையே தந்துவிடும். ‘டிபி++’ என்ற குறி அதற்குத்தான். எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு அந்த வித்தை தெரியாது. கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் என்றால், சிக்னலையே மாற்றித் தரும் கன்வெர்ட்டர்தான் வழி. அதற்குப் பெரும்பாலும் தனியாக யுஎஸ்பி மின்சாரமும் கொடுக்க வேண்டும்.

யுஎஸ்பி-சி போர்ட் எல்லாவற்றிலும் படம் வராது. பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், கேபிள் வாங்குமுன் அந்த மாடலின் கையேட்டைப் புரட்டுங்கள்.