கட்டளையா? சிபாரிசா?

இஸ்லாத்தின் தொடக்க காலப் பெண்மணிகளைப் பற்றிப் பேச மேடை ஏறுவோர், கதீஜா பிராட்டியாரின் வாணிபத்தைச் சொல்வார்கள். ஆயிஷா பிராட்டியாரின் அறிவாற்றலைச் சொல்வார்கள். சொல்லட்டும், சொல்ல வேண்டியவைதாம். ஆனால் நாம் இன்று பேச விரும்புவது சீமாட்டிகளைப் பற்றியல்ல. விலை பேசி விற்கவும் வாங்கவும் பட்ட அடிமைப் பெண்களைப் பற்றி.

முதல் பெயர் சுமையா. மக்காவில் மக்ஸூம் குலத்தாரிடம் அடிமையாக இருந்தவர். கணவர் யாசிர், ஏமன் நாட்டிலிருந்து வந்தவர். கேட்க நாதியில்லாத குடும்பம்! புதிய மார்க்கத்தை ஏற்றார்கள் என்பதற்காகச் சுடுமணலில் போட்டு வதைத்தார்கள். "விட்டுவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மூதாட்டி சொல்லவில்லை. ஈட்டியால் குத்திக் கொன்றவன் அபூஜஹல் — ஊருக்குப் பெரிய மனிதன்! ஆண்டு ஏறத்தாழ 615. இஸ்லாத்துக்காக முதன்முதல் உயிர் கொடுத்தவர் படைத்தலைவரல்ல, பிரபுவல்ல, இந்த ஏழைத் தாய்தான் என்று வரலாறு எழுதி வைத்திருக்கிறது.

சுமையாவின் வீரம் சாவைக் கண்டு அஞ்சாத வீரம். பரீராவின் வீரம் வேறு வகை.

பரீரா மதீனாவில் அடிமை. தன் விலையைத் தானே கட்டி விடுதலை பெறுவதென்று எசமானர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒன்பது ஊக்கியா வெள்ளி. ஆண்டுக்கு ஒன்றாக ஒன்பது ஆண்டுத் தவணை. ஓர் ஊக்கியாவுக்கு 40 திர்ஹம்; ஆக 360 திர்ஹம். கடனுக்குத் தவணை கட்டிப் பழகிய தோழர்களுக்கு அந்த ஒன்பது ஆண்டின் பாரத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

உதவி கேட்டு ஆயிஷா பிராட்டியாரிடம் வந்தார் பரீரா. மொத்தத் தொகையையும் தாமே எண்ணித் தருவதாகச் சொன்னார் பிராட்டியார். எசமானர்கள் சும்மா விடுவார்களா? பணம் வரட்டும், ஆனால் 'வலா' எங்களுக்கே என்றார்கள். விடுதலையான அடிமைக்கும் விடுவித்தவருக்கும் இடையே நீடிக்கும் பந்தத்துக்குத்தான் வலா என்று பெயர். அதை வைத்து வாரிசுரிமையும் கோரலாம். விலையும் வேண்டும், பாத்தியதையும் வேண்டும்! எந்தக் காலத்து எசமானனுக்கும் இந்தப் புத்தி ஒன்றுதான் போலும். நபிகள் நாயகம் மக்கள் முன் எழுந்து நின்று, வேதத்தில் இடமில்லாத நிபந்தனை நூறு போட்டாலும் செல்லாது, வலா விடுவித்தவருக்கே உரியது என்று அறிவித்தார்.

பரீரா விடுதலையானார். கணவர் முகீத் இன்னும் அடிமை. அவரோடு தொடர்ந்து வாழ்வதா, பிரிவதா என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமை பரீராவுக்கு வந்தது. பிரிவதென்று முடிவு செய்தார்.

முகீத் மதீனாத் தெருக்களில் அவர் பின்னாலேயே அழுதுகொண்டு போனார். கண்ணீர் தாடியில் வழிந்தது என்று நபிமொழி நூல்கள் கூறுகின்றன. நமக்கும் அந்த மனிதர்மேல் இரக்கம்தான். நாயகத்துக்கும் இரக்கம் வந்தது. திரும்பிச் சேர்ந்து வாழக்கூடாதா என்று பரீராவிடம் கேட்டார். யார் கேட்கிறார்? மதீனாவே யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டதோ அவர்! பரீரா திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: இது கட்டளையா? இல்லை, பரிந்து கேட்கிறேன், அவ்வளவுதான் என்றார் நாயகம். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார் பரீரா. நேற்றுவரை அடிமையாயிருந்த பெண்! அவரை யாரும் கோபிக்கவில்லை, தண்டிக்கவில்லை. விஷயம் அங்கேயே முடிந்தது.

அடிமை முறை அன்றே ஒழிந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். அரபு மண்ணில் சவூதி அரசு அதைச் சட்டப்படி ஒழித்தது 1962-ல்தான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சங்கிலி கிடந்தது. அந்த நெடுங்காலம் முழுவதும், விடுதலையான அடிமைப் பெண்ணின் உரிமை என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் சட்ட அறிஞர்கள் பரீராவின் வழக்கைத்தான் எடுத்து வைத்தார்கள். அவருடைய எசமானர்கள் யாரென்று நூல்கள் ஒருமுகமாகச் சொல்லவில்லை. பரீராவின் பெயரில் ஐயமில்லை.