சராசரி சரிதான், தோல் ஏன் திரும்பி வருகிறது?

ஆம்பூரில் தைத்து ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவில், விரித்த தோல் வடிவில் ஒரு சின்னம் இருக்கும். மேல்பாகத்தின் பரப்பில் குறைந்தது 80 சதவீதம் தோல் என்று அர்த்தம். 1994-இல் வந்த ஐரோப்பிய விதி. பிஸ்கட் பாக்கெட் லேபிள் மாதிரிதான்: உள்ளே என்ன என்று சொல்லும், அடுத்ததும் அப்படியே இருக்குமா என்று சொல்லாது.

அப்படியே இருக்க வேண்டியவற்றில் ஒன்று தடிமன். மாட்டுத்தோல் முதுகில் கெட்டி, வயிற்றில் தளர்ச்சி. ஷேவிங் மெஷின் உள்பக்கத்தைச் சீவிச் சமன்செய்கிறது. பிளேடு மழுங்கினால் தடிமன் நழுவும். அதனால்தான் ஒரே தோலில் நாலைந்து இடத்தில் தடிமன் கேஜை வைத்து அளந்து பார்க்கிறார்கள்.

தோலை வாங்குபவர்கள் 1.2 முதல் 1.4 மி.மீ. வரை தடிமன் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1.3. அழகு! ஆனால் அளவுகளின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் 0.05 என்றால், ஆயிரம் அளவுகளில் சுமார் 45 எல்லை தாண்டிவிடும்; தோல் திரும்பி வருவது அதனால்தான். அனுமதித்த இடைவெளி 0.2-ஐ விலக்கத்தின் ஆறு மடங்கால் வகுத்தால் 0.67. இதுதான் செயல்முறைத் திறன். விலக்கத்தைப் பாதியாக்குங்கள்: 1.33, பல தொழில்கள் கேட்கும் எண். சராசரி நடுவிலேயே நின்றால் பத்து லட்சத்துக்கு அறுபத்துச் சொச்சம்தான் தவறும்.

ஆனால் முதுகையும் வயிற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்டால் இந்த எண் ஏமாற்றும். இடத்துக்கு இடம் தனிக்கணக்கு வேண்டும்.