குதிரை கொடுத்த காய்ச்சல்

குதிரைப் பந்தயம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சில நாடுகளில் நாய்ப் பந்தயமும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அத்தகைய பந்தயத் திடலொன்றில், 2004 ஜனவரியில், 22 கிரேஹவுண்டு நாய்கள் நோயுற்றன. 14 நாய்கள் காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்து பிழைத்தன. 8 நாய்கள் நுரையீரலில் இரத்தம் கசிந்து மாண்டன.

இறந்த நாயின் நுரையீரலில் கிடைத்த வைரஸ் ஆராய்ச்சியாளர்களை வியப்பில் ஆழ்த்தியது. அது எச்3என்8 என்னும் இன்புளுயன்சா வைரஸ். 1963 முதல் குதிரைகளிடம் காணப்படுவது! சிண்டா கிராஃபோர்டு குழுவினர் 2005இல் இதனை வெளியிட்டனர். பின்னர், பறவைகளிடமிருந்து வந்த எச்3என்2 என்ற மற்றொரு வகை, சீனாவிலும் தென் கொரியாவிலும் நாய்களிடையே பரவியது. 2015இல் அது சிகாகோ நகரை எட்டியது.

இது எவ்வாறு பரவுகிறது? இங்கே சற்று இயற்பியல் பேசுவேன். என் தொழில் அப்படி! நாய் இருமும்போது சிறிதும் பெரிதுமாக நீர்த்துளிகள் தெறிக்கின்றன. காற்றின் தடையால் துளி ஒரு சீரான வேகத்தை அடைந்து விழுகிறது. மிகச் சிறிய துளிகளில் இவ்வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அரை மீட்டர் உயரத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் துளி ஏறக்குறைய 2 விநாடியில் தரையைத் தொடும். 0.01 மில்லிமீட்டர் துளியோ விநாடிக்கு 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். கிட்டத்தட்ட 3 நிமிடம் மிதக்கும். அதற்குள் அடுத்த நாய் மூச்சு வாங்கிவிடாதா? காற்றோட்டமில்லாத, நெருக்கமான கொட்டில்களில் நோய் வேகமாகப் பரவுவதில் வியப்பில்லை.

தட்டு, சங்கிலி, நம் கை, உடை ஆகியவையும் வைரஸைச் சுமக்கும். பாத்திரங்களில் அது 48 மணி நேரம்வரை தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அதன் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் குலைத்துவிடும்.

தொல்லை என்னவென்றால், தொற்றிய 2 முதல் 4 நாட்களுக்குள், இருமல் தொடங்குமுன்பே நாய் வைரஸை வெளியிடுகிறது. ஐந்தில் ஒரு நாய் இருமுவதே இல்லை! எனவே இருமும் நாயை மட்டும் பிரித்து வைத்தால் போதாது. அதனுடன் பழகியவற்றையும் தனித்தனியே வைக்க வேண்டும். எச்3என்2 வகையாயின் 3 வாரமாவது ஆகும். 2009இலும் 2015இலும் அமெரிக்காவில் தடுப்பூசிகள் வந்தன. அவை நோயின் கடுமையைக் குறைக்கும். தொற்றை முழுதும் தடுத்துவிடா.

உங்கள் நாய் இருமினால் இன்புளுயன்சாதான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். டிஸ்டெம்பர் நோயிலும் இருமல் உண்டு. அது இதைவிடக் கொடியது. மூக்குச் சளியைச் சோதித்தால்தான் தெரியும். வீட்டிலுள்ள காய்ச்சல் மாத்திரையைக் கொடுப்பது கூடவே கூடாது. பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அங்கே மற்ற நாய்கள் காத்திருந்தால், உங்கள் முறை வரும்வரை அதை வெளியிலேயே வைத்திருங்கள்.