மார்க்கக் கல்வியும் செயற்கை நுண்ணறிவும்

நாம் வாழும் செவன் கிங்ஸ், ரெட்பிரிட்ஜ் நகரப் பிரிவைச் சேர்ந்தது. 2021 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இப்பிரிவில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். அவர்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் உளர். அத்தகைய இல்லங்களின் பிள்ளைகள் மத்ரஸாவில் திருக்குர்ஆன் ஓதக் கற்பதோடு தமிழும் பயில வேண்டியவர்கள். இன்று அவர்களின் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய துணைவன் வந்து அமர்ந்திருக்கின்றான். மார்க்கக் கல்வியில் அவனை எதுவரை நம்பலாம்? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் அவன் செய்யும் இருவேறு பணிகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, கேட்கும் பணி. பிள்ளை ஓத, கருவி அவ்வொலியை எழுத்தாக மாற்றித் தன்னிடமுள்ள மூலத்தோடு ஒப்பிடுகின்றது. 2018 ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தர்த்தீல்’ என்னும் செயலி, ஆயிரக்கணக்கான ஓதற்பதிவுகளைத் திரட்டி இவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டதே. திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களும் ஓரெழுத்தும் மாறாதவை. சரியான விடை முன்பே உள்ளதால், மனனம் செய்த பகுதியில் ஒரு சொல் விடுபட்டால் கருவி எளிதில் சுட்டிக்காட்டும். வீட்டில் ஓதிக் காட்ட ஆளில்லாத பிள்ளைக்கு இது பேருதவியாகும்.

ஆயினும் சொல்லைப் பிடிப்பது வேறு, ஒலியைத் திருத்துவது வேறு. அறபியில் ‘கல்ப்’ என்பது இதயம். நாயைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் ‘கல்ப்’ என்றே எழுதுகின்றோம். முன்னதன் ககரம் உள்நாக்கையொட்டி அடிநாவிலே பிறப்பது. பின்னதன் ககரம் சற்று முன்னே பிறப்பது. மலையையும் மழையையும் ஒன்றாக ஒலிக்கும் நம் பிள்ளைகளுக்கு இத்தகைய இடர் புதிதன்று. நாவை எங்கே வைப்பது என்று காட்டவும், பிள்ளையின் வாயைப் பார்த்துத் திருத்தவும் எதிரே ஓர் ஆசிரியர் வேண்டும். மேலும், பெரியோர் குரலில் பயின்ற கருவி, பிள்ளையின் மெல்லிய குரலைத் தவறாகக் கேட்டுவிடுதலும் உண்டு.

இவ்வொலி இடரை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தமிழை அறபு எழுத்தில் எழுதும் அறபுத்தமிழ் அவர்களது ஆக்கமாகும். அதில் அறபுச் சொற்கள் தம் மூல எழுத்தை இழப்பதில்லை. தமிழுக்கே உரிய ஒலிகளுக்கு அறபு எழுத்துகளின்மேல் புதிய குறிகள் இடப்பட்டன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் இயற்றினர். இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை 1882 ஆம் ஆண்டில் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். அன்றைய புதுமையாகிய அச்சுப்பொறியை அவர்கள் அஞ்சி ஒதுக்கவுமில்லை. ஆசிரியரின் இடத்தில் அதனை அமர்த்தவுமில்லை.

இரண்டாவது, விடை சொல்லும் பணி. அபாயம் மிகுந்தது இதுவே. உரையாடும் கருவி, தான் பயின்ற பெருந்திரளான எழுத்துகளிலிருந்து அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்து வாக்கியம் அமைக்கின்றது. ஆதலால் இல்லாத நபிமொழியொன்றை, நூற்பெயரும் எண்ணும் சேர்த்து, உண்மைபோல் உரைத்துவிடக்கூடும். பிழையையும் அது தயங்காமல் சொல்வதால் பிள்ளை ஐயுறுவதில்லை.

இதற்குரிய மருந்து இஸ்லாமியக் கல்வி மரபிலேயே உண்டு. இமாம் புகாரி (810–870) முதலிய அறிஞர், ஒரு நபிமொழியை ஏற்குமுன் அதனை யார் யாரிடம் கேட்டார் என்னும் தொடரை ஆராய்ந்தனர். ‘இஸ்னாத்’ எனப்படும் அத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் அச்செய்தி ஐயத்துக்குரியதாயிற்று. ‘யார் சொல்லக் கேட்டாய்?’ என்னும் அவ்வினாவைக் கருவியிடமும் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். அது காட்டும் மூலத்தை நூலிலே தேடிப் பார்க்கட்டும். பின்னர் மௌலவியிடம் கேட்டுத் தெளியட்டும்.

பெற்றோர் கருத்திற்கொள்ள வேண்டியன சில. கருவியை மீள்பயிற்சிக்கு மட்டும் வையுங்கள். புதுப்பாடமும் மார்க்கத் தீர்ப்பும் ஆசிரியரிடமே ஆகட்டும். பிள்ளையின் அருகிலிருந்து நீங்களும் கேளுங்கள். பிள்ளையின் குரலும் தனிப்பட்ட தகவலே என்பதை மறவாதீர்கள். இந்நாட்டுச் சட்டப்படி, இணையச் சேவையொன்று ஒப்புதலின் பேரில் தகவல் திரட்டுமாயின், 13 வயதுக்குக் குறைந்தோருக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதனை வாசியாமல் அழுத்திவிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, தேவாரம் ஓதுவோருக்கும் விவிலியம் பயில்வோருக்கும் தமிழ்க் கட்டுரை எழுதுவோருக்கும் இவை பொருந்தும். நீங்கள் எங்கே தவறினீர்கள் என்று கருவி சொல்லும். ஏன் தவறினீர்கள் என்று அறிந்து, தோளில் தட்டி மீண்டும் ஓதச் சொல்பவர் ஆசிரியரே. கருவியைப் பயன்படுத்துங்கள், ஆசிரியரைக் கைவிடாதீர்கள்.